மொட்டையா, நடுவா, டாப்பா

என் அண்ணிக்கு அந்த மாதம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி என்பார்களே, அதை எங்கள் வீட்டு ஹாலிலேயே பார்த்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விடுவார். பால் பொங்கும் சத்தம் கேட்டு நான் ஓடுவேன். திரும்பி வந்து பார்த்தால் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, போனில் ஒரே காரின் மூன்று படங்களை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருப்பார். உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் பேர், குதிகால் தரையில் படாது.

ஒரு பழைய கார் வாங்குவதற்கா இத்தனை பாடு என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள், பழைய கார் வாங்கிப் பார் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அண்ணனை நான் அவன் என்பேன், அண்ணியை அவர் என்பேன். வீட்டில் யாருக்கு மரியாதை என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மாடியில் என் அறை, கீழே அண்ணன் குடும்பமும் எங்கள் அப்பாவும். கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பது என் பிழைப்பு. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு என்று சொல்லிவிட்டு, சொன்னதை நம்ப முடியாமல் வேர்க்கிற முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அண்ணியின் முகம் அப்போது அப்படித்தான் இருந்தது.

அண்ணியின் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. டிரைவிங் ஸ்கூலில் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, கண்ணாடிய பாருங்க, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். படித்துப் போனவர்கள் அவருக்கு வைத்த பெயர் மெதுவா மேடம். "மெதுவா மேடம் வீடு இதுதானே?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கே ஆள் வரும். அண்ணி சிரித்துக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும், ஏனென்றால் அண்ணி மெதுவான ஆளே இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய அப்பா சலவை நிலையம் வைத்திருந்தார். ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் வெளுத்துக் கொடுக்கிற இடம். வேன் ஓட்டியது அண்ணிதான். ஒரே காலையில் ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எல்லா ஹோட்டலின் பின்வாசலையும் தொட்டுவிட்டு வந்துவிடுவாராம். என் அண்ணன் அந்த ஹோட்டல்களில் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்தான். இன்றைக்கும் அதே மேசையில்தான் இருக்கிறான். பின்பக்கச் சந்தில் இரண்டு பக்கமும் குப்பைத் தொட்டிகள், நடுவில் வேனை ரிவர்ஸில் ஒரே இழுப்பில் கொண்டுவந்து நிறுத்துவாராம் அண்ணி. அதைப் பார்ப்பதற்காகவே இவன் டீ குடிக்கிற சாக்கில் பின்வாசலுக்குப் போவானாம். ஊரில் மற்றவர்கள் கண்ணைப் பார்த்து மயங்கினார்கள், இவன் பின்சக்கரத்தைப் பார்த்து மயங்கினான்.

பிறகு சலவை நிலையத்தை விற்றார்கள், வேனும் சேர்ந்து போனது. டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள், அண்ணி சேர்ந்தார். அங்கே வகுப்பு ஸ்கூல் வாசலில் தொடங்கி ஸ்கூல் வாசலிலேயே முடியும். முதல் நாள் மைதானத்தில் ஒரு சுற்று, நடக்கிற வேகத்தில் ஓட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். மிச்ச நாளெல்லாம் அடுத்தவர்கள் ஓட்டுவார்கள், அண்ணி நிறுத்துவார். சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை. அதாவது, அந்த வேனை விட்ட பிறகு அண்ணி தன் இஷ்டத்துக்கு ஒரு வண்டியை ஓட்டியதே இல்லை. இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. விடிந்ததிலிருந்து காரிலேயே இருக்கிற ஒருவரைப் பார்த்து, நீங்க கார் ஓட்டுறதே இல்லையே என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

கடைசியில் அவராகவே சொன்னார். "எனக்கு ஒரு வண்டி வேணும். நான் ஓட்ட."

எந்த வண்டி என்பதையும் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தார். சின்ன செடான்தான். நிறுத்தி வைத்திருந்தால் சாதுவான குடும்ப வண்டி, மிதித்தால் குணம் வேறு என்று பேர் வாங்கியது. கம்பெனி அதைப் போடுவதை நிறுத்தியே சில வருஷம் ஆகிவிட்டது, பழசுதான் கிடைக்கும். ஊர்க்கோடியில் இருக்கிற பழைய கார் யார்டு ஒன்றில் அந்த மாடலில் மூன்று வண்டி ஒன்றாகவே வந்து நின்றன. பிடித்தது வினை. மூன்றும் ஒரே ஜாதி, ஆனால் மூன்று படி.

முதல் படியை நாங்கள் மொட்டை என்று கூப்பிட்டோம். சின்ன இன்ஜின், கையால் கியர் போட வேண்டும், இரும்புச் சக்கரம், ரேடியோ இருந்த இடத்தில் ஒரு மூடி. அடுத்தது நடு. தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக், பெரிய திரை, பின்சீட்டுக்கும் ஏசிக் காற்று, கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடி. மூன்றாவது டாப்பு. டர்போ இன்ஜின், ஆறு கியர், அதையும் கையால்தான் போட வேண்டும். ஆளை அணைத்துப் பிடிக்கிற முன்சீட்டு, சிவப்பு நூல் தையல், பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பை எண்ணிக் காட்டுகிற சஸ்பென்ஷன். கூரையில் கண்ணாடியும் கிடையாது, பின்னால் காற்றும் கிடையாது. டாப்பு அதிகம் ஓடியிருந்ததால் விலையும் ஏறக்குறைய நடுவோடு வந்து நின்றது. காசு கையைப் பிடித்து இழுத்திருந்தாலாவது ஒரு முடிவு கிடைத்திருக்கும்.

வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அண்ணனுக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியாது, ஆகவே நடு. அண்ணன் மகனுக்குக் கூரைக் கண்ணாடி வழியாகத் தலையை நீட்ட வேண்டும், ஆகவே நடு. அப்பாவுக்கு டாப்பு தாழ்வாக இருக்கிறது, உள்ளே உட்கார்ந்தால் பிறகு கிரேன் வைத்துத்தான் எடுக்க வேண்டும், ஆகவே நடு. எனக்குப் பின்சீட்டில் காற்று வேண்டும், மறைப்பானேன், நானும் நடுதான்.

"மாமா சொல்றதும் சரிதான்," என்பார் அண்ணி, எங்கள் அப்பாவைச் சொல்லி. ஐந்து நிமிஷத்தில், "மொட்டைன்னா லேசா இருக்கும், கியரும் நம்ம கைல," என்பார். தட்டைக் கழுவிக்கொண்டே, "டாப்புல இன்ஜின் சத்தமே வேற," என்று குழாயைப் பார்த்துச் சொல்வார். ஊருக்கெல்லாம் எந்த வண்டி வாங்கலாம் என்று நறுக்கென்று சொல்கிறவர் அவர். தனக்கென்று வந்ததும் நாக்கு மூன்றாகப் பிளந்துவிட்டது.

முதலில் அண்ணனும் அண்ணியும் நானும் போனோம். யார்டுக்காரர் மெலிந்த மனிதர், சட்டைப் பையில் சாவிகள், நடந்தால் மணி அடிக்கும். டாப்பின் சாவியை எடுத்து நீட்டினார். அப்போது நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அண்ணி நேராக நடந்துபோய்ப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பக்கம் உட்காரத்தான் அவர் உடம்புக்குத் தெரியும். யார்டுக்காரர், ஓ, சார்தான் ஓட்டறாரா என்று சாவியை அண்ணன் கையில் வைத்துவிட்டுப் பின்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அண்ணன் லைசென்ஸ் வைத்திருப்பதோடு சரி. வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு ஏறிவிட்டான்.

வண்டி குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. அண்ணி வழி நெடுக, "மெதுவா, கிளட்ச்ச விடுங்க, மெதுவா." இறங்கியதும் முகம் சுண்டிப்போய்ச் சொன்னார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரேக்கே புடிக்கல."

யார்டுக்காரர் பதறிப்போனார். "புதுசா போட்ட பிரேக்குங்க மேடம்!"

"இல்லங்க. நான் எத்தனை தடவ அழுத்தினேன். ஒண்ணுமே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் சிரித்தான், நானும் சிரித்தேன். யார்டுக்காரர் வியாபாரம் கெடாத அளவுக்குச் சிரித்தார். அண்ணியும் சிரித்தார், ஆனால் அது அரைச் சிரிப்புதான்.

அடுத்த தடவை நானும் அவரும் மட்டும் போனோம். "இன்னைக்கு நீங்கதான் ஓட்டணும்," என்று வாசலிலேயே சொல்லிக் கூட்டிப்போனேன். டாப்பில், ஓட்டுகிற சீட்டில்தான் உட்கார்ந்தார். ஆள் இல்லாமல் வண்டியை வெளியே விடமாட்டோம் என்பது யார்டின் சட்டம், அதனால் யார்டுக்காரர் பக்கத்தில் ஏறினார். நான் பின்னால். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் அடித்தொண்டையில் உறுமியது. அண்ணி ரோட்டைப் பார்க்கவில்லை, யார்டுக்காரரின் காலைப் பார்த்தார். பிறகு அவர் கையை, பிறகு அவர் முகத்தை. கேட்டைத் தாண்டுவதற்குள் வண்டி அணைந்துவிட்டது. கிளப்பினார். மறுபடி அணைந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அண்ணியின் பின்கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன்.

"மேடம்," என்றார் யார்டுக்காரர் மிகவும் அன்பாக, "ஆட்டோமேட்டிக் இருக்கே, அத எடுத்துக்கோங்க. புதுசா ஓட்டறவங்களுக்கு அதான் சுலபம்."

என் வாய் சும்மா இருக்குமா? "யாரப் பாத்து புதுசுங்கறீங்க? அவங்க டிரைவிங் ஸ்கூல் டீச்சருங்க!"

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். யார்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கேட்டில் நின்ற காவலாளிக்கும் கேட்டுவிட்டது, அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்காமல் இருக்கத்தான் திரும்பினார் என்று தோள் குலுங்கியதிலேயே தெரிந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று அவர் மனதுக்குள் சொல்லியிருப்பார்.

அண்ணி சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். வீடு வந்தோம். வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் சொன்னார்.

"எனக்கு ஓட்ட வரல. மறந்துபோச்சு."

"என்ன அண்ணி இது, அந்த ஆள் முன்னாடி ஏதோ..."

"இல்ல. எனக்கு நிறுத்தத்தான் தெரியுது."

எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. பயந்தால் என் புத்தி அப்படித்தான், கோபமாக மாறிவிடும்.

அன்றைக்கே யார்டுக்குப் போன் செய்து நடுவை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஒரே கொண்டாட்டம். அண்ணன் முழங்காலைத் தடவிக்கொண்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றான். அப்பா தன் மருந்துப் பெட்டி வைக்க அதில் இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். அண்ணி எல்லோருக்கும் தலையாட்டினார். முடிவு எடுத்துவிட்டால் மனசு அடங்கும் என்பார்கள். அண்ணிக்கு அதற்குப் பிறகுதான் அதிகமாயிற்று. அலமாரியை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு அடுக்கினார், மறுநாள் அதையே கலைத்தார். டிவி முன்னால் நின்றுகொண்டே சாப்பிட்டார். "எல்லாருக்கும் வசதிதானே?" என்று ஒருவர் விடாமல் கேட்டார். ஆம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் கறுத்தது. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

காகித வேலைகள் முடியக் காத்திருந்த அந்த நாட்களில் ஸ்கூலிலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது. அப்போது அவரிடம் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பல் டாக்டர் அம்மா இருந்தார். ஒரு நாள் அந்த அம்மாள் எங்கே ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலும் அண்ணி பிரேக்கை அழுத்தியிருக்கிறார். ஊரைத் தாண்டிப் போகிற அகல ரோட்டில், வெட்டவெளியில், எதிரே ஒரு வண்டி இல்லாத இடத்தில் மறுபடியும் அழுத்தியதும் அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிட்டார்.

"வாயத் தொறன்னு சொல்லிட்டு வாய அமுக்கிப் புடிச்சா நான் எப்படி பல்லு பாக்கறது மேடம்? நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க!" என்று சொல்லிவிட்டு, அந்த வழியாக வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

இதை அண்ணி என் அறைக்கு வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அப்புறம் வண்டி?" என்றேன்.

"நான்தான் கொண்டுவந்தேன்."

அவர் சொன்ன விதத்தில் என் சிரிப்பு நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்த கால் அப்போது ஓரிடத்தில் நின்றது.

"தனியாவா?"

"ம். பக்கத்துல யாரும் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "நேரா ஸ்கூலுக்கு வரல. பெரிய ரோட்ல கடைசி வரைக்கும் போய், அந்தப் பாலத்துல திரும்பி வந்தேன். ஒரு தடவகூட அணையல," என்றார்.

"அந்த மாட்டு வண்டியவா அவ்ளோ தூரம் ஓட்டினீங்க?"

"மாட்டு வண்டிதான். நாலாவது கியர் போடவே அழுவுது. இருந்தாலும்..." என்றவர் முடிக்கவில்லை. கீழே அப்பா கூப்பிட்டார், போய்விட்டார்.

நடு வண்டியை எடுக்கப் போன நாளில் அண்ணனுக்கு வேலை. நானும் அண்ணியும் போனோம். யார்டில் வண்டியைக் கழுவித் துடைத்து வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். கூரைக் கண்ணாடியில் வானம் தெரிந்தது. நல்ல வண்டிதான், குறை சொல்ல முடியாது. பார்த்ததும் நான் பின்கதவைத் திறந்து காற்று வருகிற ஓட்டையைத் தடவிப் பார்த்தேன். அண்ணி அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பாதி நடையிலேயே திரும்பிவிட்டார். யார்டின் மூலையில் டாப்பின் இன்ஜின் மூடியைத் திறந்துவைத்து, முறுக்கேறிய இளைஞன் ஒருவன் நின்ற இடத்திலேயே இன்ஜினை அலறவிட்டுக்கொண்டிருந்தான்.

"அவருக்குப் பேசி முடிச்சுட்டீங்களா?" என்றார் அண்ணி.

"இன்னும் இல்ல மேடம். சாயங்காலம் அவங்க அண்ணன கூட்டிக்கிட்டு வந்து முடிச்சுக்கறேன்னு சொல்றார். நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா..."

யார்டுக்காரர் பேனாவை நீட்டினார். அண்ணி வாங்கவில்லை.

"அந்தப் பையனுக்கு இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி அப்படி முறுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு சாவிய வாங்கிட்டு வாங்க. நான் ஒரு தடவ ஓட்டணும்."

யார்டுக்காரர் என்னைப் பார்த்தார். என் பங்குக்கு நான் வானத்தைப் பார்த்தேன். கேட் காவலாளி நாற்காலியை நன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், மனிதனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா? சாவி வந்தது. யார்டுக்காரர் பழக்கப்படி பக்கத்து சீட்டின் கதவில் கை வைத்தார்.

"அங்க வேணாம். பின்னாடி உக்காருங்க."

"மேடம், அது..."

"ஆள் உள்ள இருக்கணும், அவ்ளோதானே உங்க சட்டம்? பின்னாடியும் உள்ளதான்."

ஏறினார். நானும் ஏறினேன். முன்னால் ஒரு சீட்டில் அண்ணி, மறு சீட்டில் யாரும் இல்லை. அண்ணி அந்தக் காலி சீட்டை ஒரு தரம் பார்த்தார். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. கேட்டைத் தாண்டி, லாரிகளுக்கு நடுவே நுழைந்து, பெரிய ரோட்டில் ஏறினோம். அதன் பிறகு என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கியர் மாறுவது கையில் மட்டும்தான் தெரிந்தது, வண்டியில் தெரியவில்லை. வளைவில் அவர் கை ஸ்டியரிங்கை இழுக்கவில்லை, அதனோடு சேர்ந்து போனது. யார்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்தார், விட்டார், பிறகு வெட்கத்தை விட்டு மறுபடி பிடித்துக்கொண்டார். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு காருக்குள் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்து நிறுத்தியதும், "பிரேக் நல்லா புடிக்குது," என்றார். யார்டுக்காரர் தலைமுடியைக் கோதிக்கொண்டே இறங்கி, கேட்காமலே கையெழுத்துக் காகிதத்தை மாற்றி எடுத்து வந்தார்.

சாயங்காலம் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றபோது வீடு மொத்தமும் இறங்கி வந்தது. அண்ணன் மகன் முதலில் கூரையைத்தான் பார்த்தான். "அத்தை, ஓட்டை எங்க?" என்றான் அழுகிற குரலில். அப்பா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, நான் பஸ்லயே போய்க்கறேன் என்றார். அண்ணன் கியர்க் குச்சியைப் பார்த்தான், மூன்று பெடல்களைப் பார்த்தான். இந்த வண்டியைத் தான் ஒரு நாளும் ஓட்டப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அது அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது, எனக்குப் பாவமாக இருந்தது.

"சரி, வா, ஒரு ரவுண்டு போலாம்," என்று பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தான்.

"நீங்க பின்னாடி உக்காருங்க," என்றார் அண்ணி.

"பின்னாடியா? நான் என்ன கலெக்டரா?"

"உக்காருங்களேன்."

காரணம் எனக்குத் தெரியும். சொல்லலாம். அண்ணனுக்கு நான்தான் எப்போதும் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்கிறவள். ஆனால் இது நான் சொல்கிற விஷயம் இல்லை என்று தோன்றியது, வாயை மூடிக்கொண்டு அவன் பக்கத்தில் ஏறினேன். தெருவில் எதிர்வீட்டு அம்மா, கோலிக்குண்டு என்று நாங்கள் கூப்பிடும் தையல்கடைக்காரர், எல்லோரும் பார்த்தார்கள். மனைவி ஓட்ட, முன்சீட்டு காலியாகக் கிடக்க, புருஷன் தங்கையோடு பின்னால் உட்கார்ந்து போகிறான். அண்ணனின் காது சிவந்துவிட்டது.

"ஊரு என்ன நெனைக்கும்?" என்று என் காதில் முணுமுணுத்தான்.

"பணக்காரங்கன்னு நெனைக்கும். சும்மா வாண்ணா," என்றேன்.

பெரிய ரோடு வந்தது. வெயில் இறங்கியிருந்தது, ரோடு காலியாக நீண்டு கிடந்தது. அண்ணி மிதித்தார். அண்ணன் பின்னால் சாய்ந்து, பிறகு கஷ்டப்பட்டு முன்னால் நகர்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினான்.

"ஏன் என்னை முன்னாடி உக்கார விடல?" அவன் குரலில் கோபம் இல்லை. வலி இருந்தது, அது எனக்குக் கேட்டது.

அண்ணி முன்னால் போன டேங்கர் லாரியைத் தாண்டி, மறுபடி இடது ஓரத்துக்கு வந்து, அப்புறம் சொன்னார்.

"பக்கத்துல யாராவது இருந்தா நான் அவங்களத்தான் பாக்கறேன். அவங்க கால, அவங்க கைய. ரோடு தெரிய மாட்டேங்குது. அதுவும் நீங்கன்னா சொல்லவே வேணாம்."

"அப்ப நான் எப்பவும் பின்னாடிதானா?"

"இல்லங்க. கத்துக்கறேன். கொஞ்ச நாள் குடுங்க."

அண்ணியிடம் மற்றவர்கள் இதைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். வாசலில் நின்று, வெட்கப்பட்டுக்கொண்டு, கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அண்ணி யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன் காலியாக இருந்த முன்சீட்டைத் தட்டிப் பார்த்தான். பிறகு, "எத்தனை கிளாஸ் ஆகும்?" என்றான்.

அண்ணி சிரித்தார். இந்தத் தடவை முழுசாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த கியரைப் போட்டார். வேகமுள் ஏறியது, மரங்கள் ஓடின, வண்டி ரோட்டை அள்ளிக்கொண்டு போனது. அண்ணனும் சிரித்தபடியே பின்னால் வந்து சாய்ந்தான்.

இருட்டிக்கொண்டிருந்த பின்சீட்டில் அவன் கை என் கையைத் தேடிப் பிடித்தது. எலும்பு நொறுங்குகிற மாதிரிப் பிடித்தது, உள்ளங்கை முழுக்க ஈரம். என் அண்ணன் பயத்தில் செத்துக்கொண்டிருந்தான். வீடு திரும்பும்வரை அவன் அண்ணியிடம் மெதுவா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.